பழைய ஆங்கில வார இதழ்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனுக்கு வெளியே நாரிச், நார்த்தாம்டன், குளோஸ்டர் போன்ற ஊர்களில் 18ஆம் நூற்றாண்டில் வந்த வாரப் பத்திரிகைகள் அந்தக் காலத்தை அறிய அருமையான வாசல். ஆனால் பலரும் தடுக்கி விழுவது தேதியில்தான்.

1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. 'பிப்ரவரி 1721' என்று அச்சிட்ட இதழ் நம் கணக்கில் 1722ஆக இருக்கலாம். அதற்கு முந்தைய, பிந்தைய இதழ்களோடு ஒப்பிடாமல் ஆண்டைக் குறித்துக்கொள்ளாதீர்கள். அதோடு, பிரான்சு நாட்காட்டி அப்போது 11 நாள் முன்னால் ஓடியது. ஜூன் 12 தேதியிட்ட இதழில் ஜூன் 15 தேதியிட்ட பாரிஸ் கடிதம் இருக்கும். அது அச்சுப்பிழையும் இல்லை, கட்டுக்கதையும் இல்லை. அந்தக் கடிதம் இங்கிலாந்துக் கணக்கில் ஜூன் 4 அன்று எழுதியது, அவ்வளவுதான். அப்புறம், 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை இதழ் எதையும் தேடாதீர்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சின் நாட்காட்டிக்கு மாறியபோது 11 நாளைத் தாண்டிவிட்டதால், அந்தத் தேதிகளே அங்கு வரவில்லை.

அடுத்தது, உள்ளூர்ச் செய்தியைச் செய்திப் பத்தியில் மட்டும் தேடுவது. அங்கே இருப்பதில் பெரும்பகுதி லண்டன் தாள்களிலிருந்து எடுத்துப் போட்டது. ஊர் உயிரோடு இருப்பது விளம்பரங்களில்: காணாமல்போன குதிரையின் நெற்றிச் சுட்டி, ஓடிப்போன தொழில்பழகு பையனின் கோட்டு நிறம். இவற்றைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு என்பேன். மருந்துப் புகழ்ச்சியை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1720இல் நார்த்தாம்டன் மெர்குரி இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் டைசியின் குடும்பமே பேட்மேன் சொட்டு மருந்து வியாபாரத்திலும் இருந்தது. இதழ் கொண்டுபோன ஆட்களே மருந்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

1725இல் பக்கங்கள் குறைந்ததைப் பார்த்து இதழ்கள் நொடித்துவிட்டன என்று முடிவுகட்டுவதும் தவறு. அதுவரை ஓர் இதழை ஒன்றரை அச்சுத்தாளில் அச்சிட்டால் அது செய்தித்தாளாக அல்லாமல் துண்டுநூல் (pamphlet) கணக்கில் சேரும், செய்தித்தாள்கள் மீது 1712இல் விதித்த முத்திரை வரி மிகக் குறைவாகவே விழும். அந்த ஓட்டையை 1725இல் அடைத்தார்கள். இதழ்கள் நான்கு பக்கத்துக்குச் சுருங்கின.

குளோஸ்டர் ஜர்னலின் இரண்டு ராபர்ட் ரெய்க்ஸ்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1722இல் தொடங்கியவர் தந்தை. நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சிட்டதற்காக 1728இல் அவை முன் இழுக்கப்பட்டவரும் அவர்தான். ஞாயிறு பள்ளிகளால் பெயர்பெற்றவர் மகன்.