நாலாம் வரியில் வந்த பயனிலை

என் ஆய்வுக்கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் எழுவாய் முதல் வரியில், பயனிலை நாலாம் வரியில். நடுவில் மூன்று 'என்பதனால்'. தமிழில் வினை கடைசியில் வருவதால் வாசிப்பவர் அதுவரை எல்லாவற்றையும் சுமக்கவேண்டும். ஒவ்வொரு 'என்பதனால்' இலும் முற்றுப்புள்ளி வைத்து உடைத்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் சகமாணவியிடம் அச்சுப்பிரதி கொடுத்தால் "நல்லா இருக்கு" என்பார். அது உதவாது. அடுத்தமுறை, திரும்ப வாசித்த இடங்களில் கோடு போட்டு, பந்திக் கருத்தை ஓரத்தில் ஒரே வரியில் எழுதித் தரச்சொன்னேன். எழுதமுடியாத பந்திகளில் இரண்டு கருத்துகள் கலந்திருந்தன, பிரித்தேன்.

'கருதப்படுகிறது' வந்த இடமெல்லாம் யார் கருதுகிறார் என்று எழுதினேன். ஆய்வு செய்த விதத்தைச் சொல்லும் முறையியல் பகுதியில் மட்டும் 'சேகரிக்கப்பட்டது' இருக்கட்டும், அங்கே பொருந்தும். எழுத்துப்பிழையைக் கடைசிச் சுற்றில் பார்த்தேன். முந்திப் பார்த்தால் வெட்டப்போகும் வரிக்கும் நேரம் வீண்.