“உங்க ஊர்ல எப்படிம்மா?”: பிற பண்பாடுகளைப் பாடமாக நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் இலக்கிய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வடகிழக்கைப் பற்றிய சிறுகதை. வாசித்து முடித்ததும் அவர் நேராக மணிப்பூர் மாணவனைப் பார்த்து, “நீ சொல்லுப்பா, உங்க பக்கம் இப்படித்தானா?” என்றார். எனக்குத் திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு.

பெயரைத் தப்பாகச் சொல்வது, உடையைப் பற்றிக் கேலி பேசுவது எல்லாம் எவருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒருவரை ஓர் இனத்துக்கே பிரதிநிதி ஆக்குவது

என் வகுப்பில் நாகாலாந்தின் மொகோக்சுங்கிலிருந்து வந்த, ஆவோ என்ற நாக இனத்தைச் சேர்ந்த பெண் ஒருத்தி படித்தாள். அங்காமி என்ற வேறொரு நாக இனத்தின் சடங்கு ஒன்றைப் பற்றி அவளிடம் கேட்டேன். “சார், அது கொஹிமா பக்கம். அவங்க மொழி எனக்குப் புரியாது. அவங்களோட பொது மொழியான நாகாமீஸ்லதான் பேசுவோம்” என்றாள். அத்தோடு விட்டேனா? “சரி, பொதுவா நாகர்கள்...” என்று மறுபடி ஆரம்பித்தேன். அவள் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பருவம் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. நல்ல வாசகி ஒருத்தியை இழந்தேன். ஒருத்தியைக் கேட்டால் ஓர் இனத்தையே தெரிந்துகொள்ளலாம் என்று மற்ற மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன். இன்றும் நினைத்தால் என் மேல் கோபம் வருகிறது.

இதற்கு மருந்து நம் குறுந்தொகையிலேயே இருக்கிறது. ஆலங்குடி வங்கனாரின் 8ஆம் பாட்டை, யார் எப்போது பேசுகிறார் என்று சொல்லும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கொடுப்பேன். எங்கள் இடத்தில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி ஆடுகிறான் என்கிறது பாட்டு. “சங்ககால ஆண்கள் மனைவிக்கு அடங்கியவர்கள்” என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். அப்புறம் குறிப்பைக் காட்டுவேன். பேசுபவள் காதற்பரத்தை, அதாவது மனைவியல்லாத அவன் காதலி. அவன் மனைவியான தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள். எழுதியதை மாணவர்களே அடித்துவிட்டுத் திருத்துவார்கள்.

யார் பேசுகிறார், யாரிடம், யார் காதில் விழ, எந்தக் கோபத்தில்? இந்தக் கேள்விகளோடு நாகாலாந்துக் கதைக்குப் போனால், மாணவர்கள் கதையைத்தான் கேள்வி கேட்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை அல்ல.

அட்டவணையை முதலில் கொடுப்பது

பண்பாடுகளை எண்களால் ஒப்பிட்ட ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் நாடுகளுக்குப் போட்ட மதிப்பெண்கள் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய பதில்களில் தொடங்கியவை. ஒரே கம்பெனி. அதைச் சொல்லாமல் அந்த மதிப்பெண் அட்டவணையைக் கொடுத்தால், கதையில் வருகிற ஆளை மாணவர்கள் பார்ப்பதே இல்லை, எண்ணைத்தான் தேடுகிறார்கள். முதலில் கதை.

உணவுத் திருவிழாவோடு முடிப்பது

சாப்பிடுங்கள். அதைப் பாடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

வகுப்பு முடிந்தபின் தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.