ஸ்பிரைட் அனிமேஷன்: படம் சரி, சொதப்புவது ஷீட்

ஸ்பிரைட்டை, அதாவது கேமில் நகரும் 2D படத்தை, நன்றாகத்தான் வரைந்திருப்பீர்கள், ஆனால் கேமுக்குள் போட்டதும் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும், இல்லையென்றால் பாத்திரம் நடக்கும்போது நடுங்கும். உடனே படத்தைத் திருத்தப் போகாதீர்கள். பெரும்பாலும் கோளாறு ஷீட்டை (எல்லா ஃபிரேம்களும் இருக்கும் ஒரே படம்) அடுக்கிய விதத்திலும் இம்போர்ட் செட்டிங்கிலும்தான் இருக்கும்.

முதலில் அந்தக் கறுப்புக் கோடு. கண்ணுக்கே தெரியாத பிக்சலுக்கும் நிறம் உண்டு. ஆல்ஃபா (பிக்சல் எவ்வளவு தெரியும் என்ற அளவு) 0 ஆக இருந்தாலும் அதன் RGB-யில் கறுப்பு இருந்தால், பைலீனியர் ஃபில்டர் பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும்போது அது விளிம்பில் எட்டிப்பார்க்கும். விளிம்பு நிறத்தையே வெளிப்பக்கம் நீட்டிவிட்டால் போய்விடும். கோடோ (Godot) கேம் எஞ்சினில் இதற்கென்றே ‘ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்’ என்ற செட்டிங் இருக்கிறது. ஃபிரேம்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டி அடுக்கினாலும் இதே கதைதான், அடுத்த ஃபிரேமின் கால் இந்த ஃபிரேமின் தலைக்கு மேல் தெரியும். இரண்டு பிக்சலாவது விடுங்கள். மிப்மேப் (படத்தைச் சிறிதாகக் காட்ட வைக்கும் பாதிப் பாதி அளவுப் பிரதிகள்) போட்டால் அதுவும் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு மட்டத்திலும் அந்த இடைவெளி பாதியாகிக்கொண்டே போகும். பிக்சல் ஆர்ட் என்றால் நிறங்களைக் கலக்காத நியரஸ்ட் ஃபில்டர்தான், கம்ப்ரெஷனும் வேண்டாம்: பல கம்ப்ரெஷன் முறைகள் 4×4 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால் நிறங்கள் குழம்பிவிடும்.

நடுக்கத்துக்குக் காரணம் பிவட், அதாவது படத்தை எந்தப் புள்ளியை வைத்து நிறுத்துகிறோம் என்பது. காலி இடத்தை வெட்டும்போது ஒவ்வொரு ஃபிரேமும் ஒவ்வொரு அளவாகிவிடும், பிவட் நடுவில் இருந்தால் கையைத் தூக்கும் ஃபிரேமில் கால் தரைக்குக் கீழே இறங்கும். பிவட்டைப் பாதத்தில் வையுங்கள். வெட்டுவதாக இருந்தால் பழைய அளவையும் ஆஃப்செட்டையும் (வெட்டிய துண்டு பழைய படத்தில் இருந்த இடம்) சேமிக்கும் கருவியாகப் பார்த்து எடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

லூப்பில் முதல் ஃபிரேமையே கடைசியிலும் வைக்காதீர்கள், ஒரு கணம் நின்று நகர்வதுபோல் இருக்கும். அனிமேஷனைத் திரையின் ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டாதீர்கள். 60 ஹெர்ட்ஸில் சரியாக ஓடியது 144-இல் 2.4 மடங்கு வேகமாக ஓடும். டெல்டா டைம் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

அப்புறம் மெமரி. PNG 300 கேபிதானே என்று நினைக்க வேண்டாம். 2048×2048 ஷீட் கம்ப்ரெஸ் ஆகாமல் GPU-வுக்கு (கிராஃபிக்ஸ் சிப்) போனால் 16 எம்பி பிடிக்கும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும் அதே 16 எம்பிதான்.