மணலி, எண்ணூர் பக்கம் புது பாய்லர் போடுகிறீர்களா? பேக் ஃபில்டர் கணக்கை முதலில் முடியுங்கள்

பாய்லருக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேக் ஃபில்டரை, அதாவது புகையைத் துணிப் பைகள் வழியே விட்டுத் தூசி பிடிக்கும் கருவியை, தேடுவதுதான் பல ஆலைகளில் வழக்கம். இந்த வரிசையை மாற்ற வேண்டும். 1981 காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் ஆலையை நிறுவவோ இயக்கவோ முடியாது. என்ன கருவி, எவ்வளவு உயரப் புகைபோக்கி என்பதும் அந்த இசைவாணையின் நிபந்தனைகளில் வரும். அதனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே வரைபடத்தில் கருவிக்கு இடம் ஒதுக்குங்கள். ஃபர்னஸ் ஆயிலை விட்டுவிட்டு நிலக்கரிக்கோ பிரிக்கெட்டுக்கோ (விவசாயக் கழிவை அழுத்திச் செய்த எரிகட்டி) மாறினாலும் இசைவாணையைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். பாய்லரின் கொள்ளளவு கூடாவிட்டாலும் வெளியே போகும் தூசி பல மடங்கு கூடிவிடுகிறது. கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய வாரியம் 2009இலேயே மணலியை அறிவித்துவிட்டது. பொது அளவுகோலை ஒட்டியே கருவி வாங்கினால் இங்கே போதாமல் போகலாம்.

மணிக்கு 6 டன் நீராவி தரும் நிலக்கரி பாய்லரை எடுத்துக்கொள்வோம். எரிவது மணிக்கு சுமார் 1,000 கிலோ. 150 டிகிரியில் வெளிவரும் புகை மணிக்கு 15,000 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 250. ஒரு சதுர மீட்டர் துணிக்கு நிமிடத்தில் ஒரு கன மீட்டர் என்று வைத்தால் 250 சதுர மீட்டர் துணி தேவை. 150 மில்லிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பை 1.41 சதுர மீட்டர் தரும். ஆகவே 178 பைகள், கொஞ்சம் உபரியோடு 192 போடுங்கள். விலையைக் குறைக்க 120 பைகளோடு வரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள், துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் துணி 130 டிகிரிக்கு மேல் தாங்காது, இந்தப் புகைக்கு அதிக வெப்பம் தாங்கும் பிபிஎஸ் (PPS) செயற்கை இழைத் துணிதான் சரி. தீப்பொறி துணியில் விழாமல் இருக்க முன்னால் ஒரு மல்டி சைக்ளோன் (புகையைச் சுழற்றிக் கனமான துகள்களைப் பிரிப்பது) கட்டாயம் வேண்டும்.

பழைய பாய்லரில் கருவியைச் சேர்ப்பவர்கள் கோட்டைவிடுவது புகையை இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்பும் ஐ.டி. ஃபேனில். பேக் ஃபில்டரில் சுமார் 150 மில்லிமீட்டர் நீர் அழுத்த இழப்பு, சைக்ளோனில் இன்னொரு 80. பழைய ஃபேன் இதைக் கணக்கில் எடுத்து வாங்கியதாக இருக்காது. இழுவை போதாமல் அடுப்பு வாயில் புகை திரும்பும். ஷிஃப்டில் நிற்பவர் வேறு வழியில்லாமல் கருவியைத் தொடாமல் புகையை வெளியேற்றும் பைபாஸைத் திறந்துவிடுவார், அதன்பின் கருவி பெயருக்குத்தான் நிற்கும். ஃபேனையும் மோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்த எதிரி ஈரம். நிலக்கரியில் கந்தகம் இருப்பதால், புகை 130 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அமிலம் துளியாகப் படியும், தூசி சேறாகி துணியில் ஒட்டும். பேக் ஃபில்டரின் கூடு முழுவதும் இன்சுலேஷன் போடுங்கள். துணியை உதறும் காற்று 5 முதல் 6 பார் அழுத்தத்தில் இருக்கட்டும். கடலோர ஈரக்காற்றில் டிரையர் இல்லாத கம்ப்ரசர் தண்ணீரைத்தான் பைக்குள் அடிக்கும்.

புகைபோக்கி உயரத்துக்கு H = 14Q^0.3 என்பது சூத்திரம். Q என்பது மணிக்கு எத்தனை கிலோ கந்தக டைஆக்சைடு. மணிக்கு எரியும் 1,000 கிலோ நிலக்கரியில் கந்தகம் 0.5 சதவீதம் என்றால் Q = 10, உயரம் 28 மீட்டர்; 30 ஆக வைத்துவிடுங்கள். புகை மாதிரி எடுக்கும் துளை, கீழேயுள்ள வளைவிலிருந்து புகைபோக்கி விட்டத்தைப் போல் 8 மடங்கு மேலேயும், உச்சியிலிருந்து குறைந்தது 2 மடங்கு கீழேயும் இருக்க வேண்டும். விட்டம் 0.6 மீட்டர் என்றால் 4.8, 1.2 மீட்டர். அங்கே ஏணி, மேடை, மின் இணைப்பு மூன்றையும் ஃபேப்ரிகேஷன் நேரத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் வெல்டிங் வைப்பது செலவும் ஆபத்தும்.

சாம்பல் கிடங்கையும் எண்ணெய்த் தொட்டியையும் மழைநீர் வடிகாலிலிருந்து பிரித்து, வெள்ள மட்டத்துக்கு மேல் சுவர் எழுப்புங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து போன எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. இந்த ஊரில் இதை விட்டுவிட்டுப் போட்ட திட்டம் முழுமையாகாது.

ஓடத் தொடங்கியதும் பேக் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதுங்கள். 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர் வரை சரி. 200ஐத் தாண்டினால் துணி அடைத்திருக்கிறது. திடீரென 50க்குக் கீழே விழுந்தால் பை கிழிந்திருக்கும், புகைபோக்கியை நிமிர்ந்து பாருங்கள். கருவிக்குத் தனி மின் மீட்டர் வைத்து அதையும் குறித்து வாருங்கள். இயக்குவதற்கான இசைவாணைக்கு முன் மாதிரி எடுக்கும்போது பாய்லர் முழு லோடில் ஓடட்டும். பாதி லோடில் வந்த நல்ல எண், முழு உற்பத்தி தொடங்கிய பிறகு நிற்காது.