சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர்

கொதிக்கும் எண்ணெயோ வெந்நீரோ கையில் பட்டுவிட்டால், வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு, பட்ட இடத்தை மெல்ல ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்ட வேண்டும். சூடான பொருள் விலகிய பிறகும் தோலில் தங்கிய வெப்பம் அடியிலுள்ள திசுவைத் தொடர்ந்து வேகவைக்கும் என்பதால், ஓடும் நீர் அதை வெளியேற்றிக் காயம் ஆழமாவதைக் குறைக்கிறது. 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. எரிச்சல் சற்று அடங்கியதுமே கையை எடுத்துவிடுவதுதான் நம் வழக்கம், அது போதாது. ஐஸ்கட்டி இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கேட்டைக் கூட்டும். பற்பசையும் பேனா மையும் காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்டறியவிடாமல் மறைத்துவிடும்.

சுட்ட சுண்ணாம்புத் தூள் பட்டிருந்தால் உடனே நனைக்கக் கூடாது. உலர்ந்த நிலையிலேயே நன்றாகத் தட்டிவிட்டு, பிறகுதான் ஏராளமான நீரால் கழுவ வேண்டும். உடலின் பெரும்பகுதி வெந்திருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு, நெடுநேரம் நீர் ஊற்றுவது உடலைக் குளிர்ந்துபோகச் செய்யும் என்பதால் 108-ஐ அழைப்பதே முதல் வேலை. மின்சாரத்தால் ஏற்பட்ட காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே பெரிதாக இருக்கலாம், அதற்கு மருத்துவமனைதான்.