சென்னையில் கண்டுபிடித்த சிறுகோளை கால்குலேட்டரால் அளப்பது எப்படி?

1861 ஏப்ரல் 17. நுங்கம்பாக்கத்தில் அப்போது இருந்த வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான், அதனால் பெயரும் 'ஆசியா'. வரிசை எண் 67. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையில் அது சுற்றி வருகிறது.

அந்தக் காலத்தில் வழி ஒன்றுதான். விண்மீன் வரைபடத்தை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும், அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறும் புள்ளி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு பொறுமையெல்லாம் நமக்கு வேண்டாம். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். வர்க்கமூலமும் பத்தின் அடுக்கும் போடும் வசதி வேண்டும். பல போன்களில் பக்கவாட்டில் திருப்பினாலே அந்தப் பொத்தான்கள் வந்துவிடும்.

படி 1: அதன் ஓர் ஆண்டு எவ்வளவு?

ஆசியா சூரியனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு தூரத்தில் இருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்தான் 1 வானியல் அலகு. சூரியனிலிருந்து உள்ள தூரத்தையும் சுற்றிவர ஆகும் காலத்தையும் இணைக்கும் கெப்ளர் விதிப்படி அந்த எண்ணை மூன்று முறை பெருக்குங்கள்: 2.42 × 2.42 × 2.42 = 14.17. இதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 3.76. அதாவது ஆசியாவில் ஓர் ஆண்டு முடிய நமக்கு மூன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. இந்தப் படி இவ்வளவுதான்.

படி 2: குறுக்களவு

எனக்கு மிகவும் பிடித்த படி இது. தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒன்றின் அளவை, அதன் வெளிச்சத்தை வைத்தே கணக்கிடப் போகிறோம். இரண்டு எண்கள் வேண்டும்.

ஒன்று, பொலிவெண். சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் 1 வானியல் அலகு தூரத்தில் முழு வெளிச்சத்தில் வைத்தால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைச் சொல்வது. ஆசியாவுக்கு 8.28 என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று எதிரொளிப்புத் திறன்: விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது. இதற்கு 0.255.

1. 8.28-ஐ 5-ஆல் வகுங்கள்: 1.656.
2. அதற்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, பத்தின் அடுக்காக வையுங்கள்: 0.0221.
3. அதை 1329-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 29.3. (சூரியனின் பொலிவிலிருந்து கிடைக்கும் மாறிலி இந்த 1329.)
4. 0.255-இன் வர்க்கமூலம் 0.505. அதால் வகுங்கள்.

விடை 58 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் தூரம், கிட்டத்தட்ட!

கழித்தல் குறியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் விடை 1,19,000 கிலோமீட்டரைத் தாண்டி, சனிக்கோள் அளவுக்குப் போய்விடும்.

சரி, எதற்கு 5-ஆல் வகுக்கிறோம்? பொலிவெண்ணில் 5 வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு வித்தியாசம். பரப்பு 100 மடங்கு என்றால் குறுக்களவு 10 மடங்கு. 1856-இல் இந்த அளவுகோலைத் திட்டவட்டமாக வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே போக்சன்தான். அவர் கண்டுபிடித்த பாறையை அவருடைய அளவுகோலை வைத்தே இப்போது அளந்திருக்கிறீர்கள்.

படி 3: எண்ணை மாற்றிப் பாருங்கள்

எதிரொளிப்புத் திறனை 0.05 ஆக்கிவிட்டு மறுபடி போடுங்கள். 131 கிலோமீட்டர் வரும். கரி போன்ற கருத்த பாறை, அதே வெளிச்சம் தர வேண்டுமானால் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஆசியா கருத்ததல்ல, சிலிக்கேட் கற்கள் நிறைந்த 'எஸ்' வகை. அதனால்தான் சிறியதாக இருந்தும் நன்றாக மின்னுகிறது. அப்புறம், அதன் வெளிச்சம் கூடிக் குறைவதைத் தொடர்ந்து அளந்ததில், தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 15.9 மணி நேரம் எடுப்பதும் தெரிந்திருக்கிறது.

பயிற்சிக்கு, வரிசை எண் 87 கொண்ட சில்வியா என்ற சிறுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். 1866-இல் அதே சென்னையிலிருந்து போக்சன் கண்டுபிடித்தது. பொலிவெண் 6.94, எதிரொளிப்புத் திறன் 0.0435. விடை 261 கிலோமீட்டரை ஒட்டி வந்தால் கணக்கு சரி.