முன்னோரின் கல்லறையைத் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் தந்த 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி 160 ஏக்கர் பெற்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலும் கன்சாஸிலும் குடியேறியவர்களின் வழிவந்தோர், அவர்களின் கல்லறைகளைத் தேடிச் சிற்றூர்களுக்குப் போகிறார்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் ஒன்றுக்கு மட்டும் பரிகாரமே கிடையாது.

எழுத்து தெரியவில்லை என்று கல்லைத் தேய்ப்பது

அக்காலக் கற்களில் பல வெள்ளைப் பளிங்கு. மழைநீரில் உள்ள லேசான அமிலம் பளிங்கை அரிக்க, மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிரத் தொடங்கும். அந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டால் பாசியோடு பெயரும் போய்விடும். பிளீச்சிங் திரவத்தின் உப்பு கல்லின் நுண்துளைகளில் தங்கி, படிகமாகி, உள்ளிருந்தே கல்லைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். ஷேவிங் க்ரீம் பூசி வழித்தால் எழுத்து பளிச்சென்று தெரியும் என்ற யோசனை இன்னும் உலவுகிறது. அதிலுள்ள அமிலமும் கொழுப்பும் கழுவினாலும் முழுதாகப் போகாது. ஒரு புகைப்படத்துக்காக நூற்றைம்பது வருடக் கல்லைப் பலியிடுவது மன்னிக்க முடியாத செயல்.

படிக்க வெளிச்சம் போதும். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் கல்லின்மேல் விழச் செய்யுங்கள். மங்கிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும். மாலை இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் அதே பலன். கழுவியே ஆகவேண்டுமென்றால், பராமரிப்பவரிடம் கேட்டுவிட்டு, வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் மட்டும். கீழிருந்து மேலாகக் கழுவினால் அழுக்கு வழிந்து கோடு விழாது. விரலில் துகள் ஒட்டினாலோ தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தாலோ தொடவே வேண்டாம்.

குடும்பப் பெயர் உள்ள கல்லை மட்டும் படமெடுப்பது

மணமான மகள் கணவர் பெயரில் பக்கத்து வரிசையில் இருப்பாள். வரிசை முழுவதையும், கற்களின் பின்புறத்தையும் எடுங்கள். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தாலும் அதன் பின்விளைவாலும் அழிந்துபோனது. 1880க்குப் பின் பிறந்து 1900க்குள் இறந்த குழந்தைக்குக் கல்லறைக் கல்லே ஒரே சாட்சியாக இருக்கலாம்.

கல்லில் உள்ள தேதியை அப்படியே ஏற்பது

கல் பல ஆண்டுகள் கழித்து நடப்பட்டிருக்கலாம். வெவ்வேறு ஆண்டுகளில் இறந்த கணவன், மனைவி தேதிகள் ஒரே கைவண்ணத்தில் செதுக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நிலக் கோப்போடு ஒப்பிடுங்கள். நில உரிமைச் சான்று கேட்டபோது குடியேறியவர் தந்த குடும்ப விவரம் அதில் இருக்கும்.

கல் இல்லையென்றால் ஆள் இல்லை என்று நினைப்பது

கல்லுக்குப் பதில் நட்ட மரப்பலகைகள் மக்கிவிட்டன. தேவாலயப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பாருங்கள்.

கல்லறை இருக்கும் பண்ணைக்குள் உரிமையாளரிடம் கேட்காமல் நுழைவது

வேண்டாம்.